கில்ட் போட்டுக்கொண்டு மலை ஏற, மண் கொத்த, சைக்கிள் மிதிக்க: ஆண்களுக்கான முழு வழிகாட்டி

ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவுக்குத் தெற்கே பென்ட்லண்ட் மலைகளில் ஆடுகளுக்காகக் கம்பிவேலி போட்டிருப்பார்கள், அதைத் தாண்ட அங்கங்கே மரப்படிகள் இருக்கும். முதன்முதலாக கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிப் போடும் முழங்கால்வரையிலான மடிப்பு உடுப்பு, போட்டுக்கொண்டு அப்படி ஒரு படியில் கால் வைத்தபோது என் இரண்டு கைகளும் தானாகக் கீழே போய் ஓரத்தைப் பிடித்துவிட்டன, தூக்கி மடித்துக் கட்டுவதற்கு. பள்ளிக்கூட நாளிலிருந்து கைலி கட்டிப் பழகிய கை. கில்டை மடித்துக் கட்ட முடியாது என்பது தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. பின்னால் நாயோடு வந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் நாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாடகைக்கு கில்ட் எடுத்து நண்பன் கல்யாணத்துக்குப் போட்டுப் போய், ஒரு நாள் முழுக்க விறைப்பாக நின்றுவிட்டு, 'நமக்கு இது சரிப்படாது' என்று சொல்லும் ஆட்கள் இங்கே நிறைய. நானும் அப்படித்தான் சொன்னேன். பிரச்சினை கில்டில் இல்லை, அதைக் கல்யாண உடுப்பாக முதலில் சந்தித்ததில்தான். நடக்க, குனிய, வியர்க்க உண்டான உடுப்பு அது. அதனால் சனிக்கிழமை வேலையில் ஆரம்பியுங்கள், கல்யாணம் கடைசியில் வரட்டும். கைலி கட்டிப் பழகியவருக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும், மீதிப் பாதியைக் கைலியே கெடுத்துவைத்திருக்கும். அந்த மீதிதான் இங்கே.

என்ன செய்யப் போகிறீர்கள் என்பது முதலில், துணி அப்புறம்

கடைக்குப் போய் 'நல்ல கில்ட்' கேட்காதீர்கள். ஸ்காட்லாந்தில் நல்ல கில்ட் என்றால் 8 கெஜம் கம்பளி, கையால் தைத்தது, விலை பல நூறு பவுண்டு, எடை ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ. அதைப் போட்டுக்கொண்டு கத்தரிக்காய் நட முடியாது என்றில்லை, மனசு வராது.

பொழுதுபோக்குக்கு மூன்று வகை போதும். முதலாவது 4 அல்லது 5 கெஜம் கம்பளி கில்ட்: பின்னால் மடிப்புகள் குறைவு, எடை குறைவு, குளிர் மலைக்கு இதுதான் என் தேர்வு. இரண்டாவது பாலியெஸ்டர்-விஸ்கோஸ் கலந்த துணி, மெஷினில் போடலாம், மழையில் நனைந்தால் சீக்கிரம் காயும், ஆனால் லேசானது என்பதால் காற்றுக்குத் தூக்கும். மூன்றாவது யூட்டிலிட்டி கில்ட், கெட்டியான பருத்தித் துணியில் பெரிய பாக்கெட்டுகள் வைத்துத் தைப்பது. அமெரிக்காவின் சியாட்டிலில் 2000-இல் தொடங்கிய யூட்டிலிகில்ட்ஸ் என்ற கம்பெனியால்தான் இந்த வகை பிரபலமானது. ஸ்காட்லாந்துக்காரர்களில் சிலர் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், சுத்தியலையும் டேப்பையும் வைக்க அவர்கள் கில்டில் பாக்கெட் கிடையாது.

நான்காவதாக ஒன்று உண்டு, எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தொங்கவிட்டிருக்கும் மலிவு அக்ரிலிக் கில்ட். வேண்டாம். இரண்டு தடவை உட்கார்ந்தால் மடிப்பு போய்விடும், உள்ளே புழுங்கும், நெருப்புப் பொறி பட்டால் உருகும். அந்தப் பணத்துக்கு, தானமாக வந்த பழைய சாமான்களை விற்கும் தர்மக் கடைகளில் பழைய கம்பளி கில்ட் கிடைக்கும், கொஞ்சம் தேட வேண்டும். என் மலை கில்ட் அப்படி வாங்கியதுதான். உள்பக்கம் யாரோ ஒருவர் பெயர் நூலில் தைத்திருக்கிறது, பிரிக்க மனமில்லாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

'எனக்கு எந்தக் கட்டம் போட உரிமை?' என்று கேட்பவர்களுக்கு: சட்டப்படி தடை ஒன்றும் இல்லை. ஒரு ஸ்காட்லாந்துக் குலத்தின் பெயரில் இருக்கும் கட்டம் (டார்டன் என்பார்கள்) போடத் தயக்கமாக இருந்தால் கரும்பச்சையும் கருநீலமுமான பிளாக் வாட்ச் எல்லோருக்கும் பொது. இங்குள்ள சீக்கியர்களுக்கு சிங் டார்டன் என்றே ஒன்று பதிவாகியிருக்கிறது. நம் கைலிக் கட்டத்தைப் பதிவு செய்ய யாரும் இன்னும் கிளம்பவில்லை என்பது என் சின்னக் குறை.

அளவு எடுப்பது

ஜீன்ஸ் அளவைச் சொல்லி வாங்காதீர்கள், எல்லோரும் கோட்டை விடும் இடம் இது. கில்ட் நிற்பது தொப்புள் உயரத்தில். ஜீன்ஸும் கைலியும் அதைவிடக் கீழே, தொப்பை இருந்தால் தொப்பைக்கும் கீழே. எனக்கு ஜீன்ஸ் 34, தொப்புளில் இஞ்சு டேப் வைத்தால் 37. வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தால் பிற்பாடு அனுபவிப்பது நீங்கள்தான்.

மூன்று அளவுகள் வேண்டும்: தொப்புள் சுற்றளவு, இடுப்பின் அகலமான இடத்தில் சுற்றளவு, தொப்புளிலிருந்து முழங்கால் நடுவரை நீளம். கடைசி அளவை நீங்களே எடுக்க முடியாது, குனிந்தால் மாறிவிடும், இன்னொருவரைக் கூப்பிடுங்கள். போட்ட பிறகு சோதிக்கப் பழைய வழி ஒன்று உண்டு, தரையில் மண்டியிட்டு நிமிர்ந்து நில்லுங்கள், கில்டின் ஓரம் தரையை மட்டுமட்டாகத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். மலைக்கும் சைக்கிளுக்கும் இன்னும் ஒரு அங்குலம் மேலே இருந்தால் நல்லது. முழங்காலுக்குக் கீழே இறங்கினால் பார்க்கவும் அசிங்கம், ஒவ்வொரு அடிக்கும் தட்டும்.

போடும் முறை

கைலியைக் கட்டுகிறோம், கில்டைப் போடுகிறோம், வார் வைத்து இறுக்குவதால் அவிழும் பயம் இல்லை. மடிப்புகள் பின்னால். சேலைக் கொசுவம் முன்னால் வருவதைப் பார்த்து வளர்ந்த கண் என்பதாலோ என்னவோ, என்னோடு தங்கியிருந்த தம்பி ஒருவன் முதல் நாள் மடிப்பை முன்னால் விட்டு, கண்ணாடி முன் நின்று 'ஏதோ இடிக்குதே அண்ணே' என்றான்.

இரண்டு கையாலும் விரித்துப் பின்னால் கொண்டுபோய், மடிப்புகளின் நடுவை முதுகுத்தண்டுக்கு நேராக வையுங்கள். முன்னால் மடிப்பில்லாத தட்டையான பாகங்கள் இரண்டு இருக்கும். உங்கள் வலக்கையில் இருப்பதுதான் உள்ளே போகிறது, அதை வயிற்றின் குறுக்கே இடப்பக்கம் இழுத்து, அதன் வாரை இடது இடுப்பில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியே எடுத்து பக்கிளில் மாட்டுங்கள். அப்புறம் இடக்கையில் இருப்பதை அதன்மேல் வலப்பக்கமாகக் கொண்டுபோய் அங்குள்ள பக்கிள்களில் மாட்டுங்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் வார்தான் இறுக்கம், கீழ் வார் சும்மா வடிவத்துக்கு. கீழ் வாரையும் இறுக்கினால் பின் மடிப்புகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கடைசியாக முன்பாகத்தின் நடுக்கட்டம் தொப்புளுக்கு நேராக இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் மொத்தத்தையும் கொஞ்சம் திருப்புங்கள்.

வலது ஓரத்தில் குத்தும் பெரிய ஊசியை மேல் பாகத்தில் மட்டும் குத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் காற்றுக்குப் பாதுகாப்பு என்று தோன்றும், முதல் பெரிய அடி எடுத்து வைக்கும்போது துணி கிழியும்.

உள்ளே என்ன போடுவது

எல்லோரும் கேட்கும் கேள்வி, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: போடுங்கள். ஒன்றும் போடாமல் போவது ராணுவ மரபு என்று பெருமை பேசுவார்கள், பேசட்டும். நீங்கள் ஏணி ஏறப் போகிறீர்கள், வேலி தாண்டப் போகிறீர்கள், குழந்தைகள் இருக்கும் பூங்காவில் குனிந்து படம் எடுக்கப் போகிறீர்கள். கருப்பு நிறத்தில் தொடைவரை வரும் இறுக்கமான ஷார்ட்ஸ் எல்லாவற்றுக்கும் பதில். தொடையோடு தொடை உரசிப் புண்ணாகும் உடம்புள்ளவர்களுக்கு, என்னையும் சேர்த்துத்தான், அது இரட்டை லாபம்.

வீட்டுக்குள் ஒரு நாள்

வெளியே போவதற்கு முன் ஒரு நாள் முழுக்க வீட்டில் போட்டு நடமாடுங்கள். உட்காருவதைப் பழக வேண்டும்: நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்புக்குப் பின்னால் வைத்து மடிப்புகளைக் கீழ்நோக்கி நீவிக்கொண்டே உட்காருங்கள். நீவாமல் தொப்பென்று உட்கார்ந்தால் மடிப்புகள் சுருண்டு மேலே ஏறி, நாற்காலியின் குளிர் உங்களுக்கு நேராகத் தெரியும். உட்கார்ந்ததும் முன்பாகத்தைத் தொடைகளுக்கு நடுவே லேசாக அமுக்கிவிட்டால், காலை எப்படி வைத்தாலும் எதிரே இருப்பவருக்குச் சங்கடம் இல்லை. ஸ்போரன் என்ற தோல்பை அந்த இடத்தில் தொங்குவதற்கு இதுவும் ஒரு உபயோகம்.

குனிவதற்குப் பதில் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி இறங்குங்கள். நம் ஆட்களுக்குக் குத்தவைத்து உட்காருவதுதான் வசதி, கைலியில் துணியைக் காலுக்கு நடுவே திணித்துக்கொண்டு அப்படியே உட்காரலாம். கில்டில் அது நடக்காது, மடிப்பு தரையில் புரளும்.

மலையில்

கில்டுக்குத் தாய்வீடு இதுதான். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலாண்ட் மக்கள் உடுத்தியது ஒரே நீளத் துணி, இடுப்பில் வார் போட்டு, மேல்பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு, ராத்திரி அதையே போர்த்திப் படுத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் மேல்பாதி கழன்று இப்போதைய கில்ட் வந்தது. ஹைலாண்ட் மக்கள் பலர் சேர்ந்த ஜாகோபைட் கலகத்துக்குப் பிறகு 1746-இல் லண்டன் போட்ட சட்டம் இந்த உடுப்பை ஆண்களுக்குத் தடை செய்தது, ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. முதல் முறை பிடிபட்டால் 6 மாதச் சிறை, மறுபடி பிடிபட்டால் 7 வருடம் நாடு கடத்தல். 1782-இல்தான் நீக்கினார்கள். இத்தனை பயந்த உடுப்பையே 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது தானே போட்டுக்கொண்டு நின்றார். அந்த விழாவோடுதான் மலைத்துணி விழாத்துணி ஆனது, நான் அதைத் திரும்ப மலைக்கு இழுக்கச் சொல்கிறேன்.

மலையில் இதன் வசதி நடந்தால்தான் தெரியும். முழங்கால் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் தூக்கலாம், பேன்ட் போலத் தொடையில் பிடிக்காது. ஏற்றத்தில் வியர்வை தங்காது. நின்றவுடன் கம்பளி மடிப்புகள் இடுப்பைச் சூடாக வைத்துக்கொள்ளும், குளிர் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: இடுப்புக்குக் குளிராது, முழங்கால் மரத்துப்போய் அப்புறம் பழகிவிடும். பென்ட்லண்டில் உயரமான ஸ்கால்ட் லா 579 மீட்டர்தான், ஆனால் உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். அங்கே கெட்டிக் கம்பளியின் எடை உங்களைக் காப்பாற்றும், லேசுத் துணி கைவிட்டுவிடும். காற்றுக்கு முதுகைக் காட்டாதீர்கள், தூக்குவது பின்மடிப்புதான்.

முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை கில்டின் வார்மேல் போட்டால் பக்கிள் எலும்பில் குத்தும். பட்டையைக் கொஞ்சம் மேலேற்றிக் கட்டுங்கள், இல்லை பட்டையே இல்லாத சின்னப் பையோடு போங்கள். ஸ்போரன் முன்னால் தொங்கினால் ஒவ்வொரு அடிக்கும் இடிக்கும், இடம் ஆண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இடுப்புப் பக்கமாகத் திருப்பிவிடுங்கள். முட்டிவரை கம்பளிக் காலுறை கட்டாயம்.

மழையில் ஒரு சிக்கல் இருக்கிறது. நனைந்த கம்பளியின் ஓரம் முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தோலில் உரசிக்கொண்டே இருக்கும். முதல் உலகப்போர் அகழிகளில் கில்டோடு நின்ற ஸ்காட்லாந்துச் சிப்பாய்களுக்குச் சேறு ஒட்டி உறைந்த ஓரம் அந்த இடத்தை அறுத்தே விட்டது. நமக்கு அவ்வளவு ஆகாது, இருந்தாலும் கிளம்பும் முன்பே அங்கே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். எரிய ஆரம்பித்த பிறகு தடவிப் பிரயோசனம் இல்லை.

மழையைவிட நான் பயப்படுவது உண்ணிக்கு. பெரணிப் புதர் இடுப்புவரை வளர்ந்த பாதையில் வெறுங்காலோடு போனால் ஏறும். ஜூன் மாதம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து குளிக்கும்போது தொடையின் உள்பக்கம் எள்ளளவு கருப்பாக ஒன்று, மச்சம் என்று நினைத்தேன், எள்ளுக்குக் கால் இருந்தது. நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக மெதுவாக இழுக்க வேண்டும். நெருப்பு வைப்பது, எண்ணெய் ஊற்றுவதெல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால், அல்லது காய்ச்சல் போல வந்தால், டாக்டரிடம் உண்ணிக் கடியைச் சொல்லிவிடுங்கள், லைம் நோயாக இருக்கலாம். மலையிலிருந்து வந்ததும் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, இடுப்பு வார் இருந்த இடம் மூன்றையும் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். காலில் பூச்சி விரட்டியும் அடித்துக்கொள்ளுங்கள், மே முதல் செப்டம்பர் வரை மிட்ஜ் என்ற பொடிக்கொசு வேறு இருக்கிறது, காற்றில்லாத சாயங்காலத்தில் மேகம் மாதிரி வரும்.

தோட்டத்தில்

இங்கே மாநகராட்சி குத்தகைக்கு விடும் காய்கறித் துண்டு நிலத்தை அலாட்மென்ட் என்பார்கள். என் துண்டில் உருளைக்கிழங்கும் பூண்டும், ஒரு வருடம் வீம்புக்கு முருங்கையும் வைத்தேன், அந்தக் கதை வேண்டாம். தோட்டத்துக்கு யூட்டிலிட்டி கில்டோ பாலியெஸ்டர் கலந்ததோ போதும். அதன்மேல் கெட்டிக் கித்தானில் ஒரு முன்துணி கட்டிக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்திலிருந்து ஹைலாண்ட் படைகளே கில்டின் பளிச்சென்ற கட்டம் எதிரிக்குத் தெரியாமலிருக்கக் காக்கி முன்துணி கட்டினார்கள், முன்னால் பாக்கெட் வைத்தது. எனக்கு எதிரி காஞ்சொறிச் செடிதான், அதற்கும் உயரக் காலுறையும் ரப்பர் பூட்ஸும் வேண்டும்.

மண்டியிட ஒரு தடித்த ஸ்பாஞ்ச் பாய் வாங்குங்கள். வெறும் முழங்கால் ஈரமண்ணில் பட்டால் ஒரு மணி நேரத்தில் வலி தெரியும். புல்வெட்டும் கம்பிமெஷின் பிடிக்கும் நாளில் மட்டும் கில்டை விட்டுவிட்டு பேன்ட் போடுங்கள், தெறிக்கும் கல்லுக்கு மரபு தெரியாது.

சைக்கிள்

எடின்பரோவிலிருந்து ஃபால்கர்க் வரை யூனியன் கால்வாய்க் கரையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சமதளப் பாதை இருக்கிறது, கில்டில் சைக்கிள் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நடுக்கம்பி தாழ்ந்த சைக்கிளாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது, உயரக் கம்பியென்றால் காலைப் பின்னால் வீசி ஏறாமல் சைக்கிளைச் சாய்த்துக் காலை முன்பக்கமாகக் கடத்துங்கள். உள்ளே பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ். மடிப்பின் மேல் உட்காராதீர்கள், அரை மணியில் அது முடிச்சு முடிச்சாக உறுத்தும். சீட்டில் ஏறும்போது மடிப்புகளைப் பின்னால் தள்ளி சீட்டுக்கு வெளியே தொங்கவிடுங்கள். அது பின்சக்கரத்தில் போய் மாட்டாமலிருக்கப் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வலைத்தடுப்பு மாட்ட வேண்டும், நம் ஊரில் சேலைகார்டு என்போமே, அதே சங்கதி. முன்பாகம் ஏறிவந்தால் துணி உலர்த்தும் கிளிப் ஒன்றால் ஷார்ட்ஸோடு சேர்த்துக் கவ்வவிடுங்கள். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

பறவை, பூ படம் எடுப்பவர்கள் தரையில் படுத்துவிடுங்கள், பாதிக் குனிதல்தான் ஆபத்து. மரவேலைக்காரர்கள் சுழலும் மெஷின் பக்கம் கில்டோடு போகவே கூடாது. வெல்டிங், நெருப்பு வேலை என்றால் பேன்ட் போடுங்கள்.

மனிதர்கள்

ஸ்காட்லாந்து மலையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஊருக்குள் பப் வாசலில் குடித்தவன் ஒருவன் உள்ளே என்ன என்று கேட்பான், 'பூட்ஸ்' என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். எவனாவது கையை வைத்துத் தூக்கிப் பார்க்க வந்தால் அது விளையாட்டு இல்லை, சிரித்து மழுப்ப வேண்டியதில்லை, கையைத் தட்டிவிடுங்கள். என்னைக் கஷ்டப்படுத்தியது நம் ஆட்கள்தான். 'என்னப்பா பாவாடை' என்று முதலில் கேட்டவர் ஊரில் நாள் முழுக்கக் கைலியோடு திரிந்தவர். அவரிடம் வாதம் செய்யவில்லை, வேட்டியோடு வந்தவரை கிளப் வாசலில் நிறுத்தியதற்காகத் தமிழ்நாட்டிலேயே 2014-இல் சட்டம் போட வேண்டியிருந்தது, ஊரை விட்டு வந்தவர் ஒருவர் சொல்லுக்கு நான் ஏன் கோபிக்க வேண்டும்? அடுத்த மாதம் அவரே தொப்புள் அளவு எப்படி எடுப்பது என்று போன் செய்தார்.

துவைப்பது, மடிப்பது

கம்பளி கில்டை அடிக்கடி துவைக்க வேண்டாம். சேறு காய்ந்த பிறகு பிரஷ்ஷால் தட்டினால் உதிர்ந்துவிடும், ஈரத்தில் தேய்த்தால் உள்ளே ஏறும். வாசனை வந்தால் ஒரு ராத்திரி வெளிக்காற்றில் தொங்கவிடுங்கள். துவைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஒவ்வொரு மடிப்பையும் அடிவரை நேராக்கி, குறுக்கே மூன்று நான்கு வரிசை பெரிய ஓட்டுத்தையல் போடுங்கள், வெள்ளை நூலில் போட்டால் பிரிக்கச் சுலபம். ஒரு மணி நேரம் ஆகும். குளியல் தொட்டியில் குளிர்ந்த தண்ணீர், கம்பளிக்கான சோப்பு, பிழியாமல் அமுக்கி எடுத்து, துண்டில் சுருட்டி ஈரம் போக்கி, இடுப்புப் பக்கம் மேலே இருக்கும்படி கிளிப் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். முக்கால் ஈரம் போனதும் மேலே ஈரத்துணி போட்டு அயர்ன் பாக்ஸை வைத்து வைத்து எடுங்கள், இழுக்கக் கூடாது. அப்புறம் நூலைப் பிரியுங்கள்.

பயணம் போவதென்றால் மடித்து வைக்காமல் மடிப்புகளுக்குக் குறுக்காக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய் மாதிரி இறுக்கச் சுருட்டி, பாதப் பகுதியை வெட்டிய பழைய பெண்கள் ஸ்டாக்கிங் ஒன்றுக்குள் நுழைத்துவிடுங்கள். பேக்பைப் வாசிக்கும் பைப் பேண்ட் ஆட்கள் செய்வது இதுதான், எடுத்து உதறினால் அப்படியே போடலாம். ஸ்டாக்கிங் வாங்கக் கடைக்குப் போனபோது கல்லாவில் இருந்த பெண் எதற்கென்று கேட்கவே இல்லை, 'எட்டு கெஜமா, அஞ்சா?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் பெரிய சைஸை எடுத்து வைத்தார்.